எறும்புக்குக் கண் உண்டா?

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் முதுகலை படித்தவன் அறிவியல் கற்பித்தலைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தொடக்கப் பள்ளியில் ஓராசிரியரே எல்லாப் பாடங்களையும் நடத்த வேண்டும். உத்தனப்பள்ளிப் பக்கத்துப் பள்ளியொன்றில் நானும் காலையில் செய்யுளும் பிற்பகலில் அறிவியலும் நடத்தியவன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள், கன்னடம் பேசும் பிள்ளைகள், தொழிற்சாலை வேலைக்கு வந்தோரின் பிள்ளைகள் என வகுப்பு பல மொழிகளால் நிறைந்திருந்தது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்த நம்மவர் வீட்டுச் சிறுமி ஒருத்தியும் அதில் இருந்தாள்.

பூச்சிகள் பற்றிய பாடத்துக்காக, ஆளுக்கொரு தீப்பெட்டியில் எறும்பு பிடித்து வருமாறு ஒருநாள் சொன்னேன். மறுநாள் மேசை நிறையத் தீப்பெட்டிகள். திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் எறும்புகள் செத்துக் கிடந்தன. அச்சிறுமி மட்டும் வெறுங்கையுடன் வந்திருந்தாள். சொன்னதைச் செய்யவில்லை என்று அவளை நிற்க வைத்தேன். எறும்பைக் கண்டால் காலை விலக்கி வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். பாடநூலைக் கையில் எடுத்ததும் அந்தப் பழக்கத்தைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டேன். இடைவேளையில் அவள் அருகில் வந்து, "ஐயா, எறும்பு இருக்கிற இடத்துக்கே நாம போய்ப் பாக்கலாமே" என்றாள். அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்று இந்த அவையில் அதைச் சொல்லிக் கொள்கிறேன்.

மறுவாரம் வேப்பமரத்தடிக்கு எல்லாரும் சென்றோம். சிறு வெல்லக்கட்டி ஒன்றை வைத்துக் காத்திருந்தோம். ஓர் எறும்பு வந்தது, திரும்பிச் சென்றது, சற்று நேரத்தில் ஒரு வரிசையே வந்துவிட்டது. 'எறும்பு' என்றான் ஒருவன், 'சீம' என்றான் இன்னொருவன், 'இருவே' என்றாள் மற்றொருத்தி. வரிசையின் குறுக்கே எறும்பில்லாத இடைவெளி பார்த்து ஈரத்துணியால் தரையை ஒரு விரற்கடை துடைத்தோம். அவ்விடத்துக்கு வந்த எறும்புகள் திகைத்து நின்றன; உணர்கொம்புகளை அசைத்து இங்குமங்கும் அலைந்தன. துடைக்கப்பட்டது என்ன என்று பிள்ளைகளே கேட்டுக் கொண்டார்கள். எறும்பு தன் உடலில் சுரக்கும் மணப்பொருளைத் தரையில் இட்டுச் செல்கிறது, பின்வருவன அம்மணத்தைப் பற்றி நடக்கின்றன என்பதை நான் அதற்குப் பிறகே சொன்னேன்.

அப்போது எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. அதனை இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்துச் சான்றோர், 13ஆம் நூற்றாண்டினர். புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடையவை, சிப்பி முதலியவற்றுக்குச் சுவை கூடும், கறையானுக்கும் எறும்புக்கும் மோப்பம் கூடும், வண்டுக்குப் பார்வை கூடும் என்று உயிர்களை அவர் அடுக்குகிறார். தொல்காப்பிய மரபியலிலும் இவ்வரிசை உண்டு; அங்கே மக்களுக்கு ஆறாவதாக மனம் சேர்கிறது. பவணந்தியார் ஐந்தோடு நிறுத்தி, தேவரையும் மக்களையும் விலங்கையும் பறவையையும் ஒரே படியில் வைக்கிறார். இதைப் பிள்ளைகளுக்கு எளிய சொற்களில் கூறினேன். எறும்பு மோப்பத்தால் வழியறியும் என்று அன்றே கண்டிருக்கிறார் பாருங்கள் என்று பெருமிதத்தோடு முடித்தேன்.

உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் ஒரு கட்டெறும்பின்மேல் குனிந்திருந்த பையன் நிமிர்ந்தான். "ஐயா, இதுக்குக் கண்ணும் இருக்குதே!"

பெரும்பாலான எறும்பினங்களுக்குக் கூட்டுக்கண்கள் உண்டு. அவன் கண்டது சரி. நன்னூலைப் பல்லாண்டு படித்த எனக்கு உடனே விடை வரவில்லை. வேறு பொருள் சொல்லிச் சமாளித்திருக்கலாம். நம் மேடைகளில் அவ்வாறு சமாளிப்போர் பலர். நம் நூல்களில் எல்லா அறிவியலும் முன்பே உண்டு என்று சொல்லிவிட்டால், பிள்ளைக்குக் கேட்க எதுவும் மிஞ்சாது. "கண்ணாடி வில்லை இல்லாத காலத்தில் அவர் உற்றுப் பார்த்து எழுதினார். நீ வில்லையோடு பார்த்தாய். நீ கண்டதை எழுது" என்றேன்.

நன்னூலில் நல்லாசிரியர் அல்லாதாருக்குக் கழற்குடத்தை உவமை கூறுவார்கள். ஒவ்வொன்றாக இட்ட கழற்காய்கள் கவிழ்த்ததும் முறைமாறி ஒன்றாகக் கொட்டும். வரையறைகளைச் சொல்லி எழுதவைக்கும் அறிவியல் வகுப்பும் அத்தகையதே. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவியது. பிள்ளைகள் அட்டைகளோடு தரையில் அமர்ந்து கற்றார்கள். அதில் குறைகள் இருந்தன. ஆயினும் ஆசிரியரைத் தரையில் உட்கார வைத்ததே பெரிய காரியம்.

இன்னொரு கேள்வி இதனினும் கடினமானது. அச்சிறுமியே கேட்டாள்: "தண்ணீர் உயிரற்றதுன்னு புத்தகத்துல இருக்கு. அம்மா, தண்ணீருக்கு உயிர் இருக்குங்கறாங்க. எது சரி?" நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடம்பாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது நம் ஆகமக் கொள்கை. அதை எந்த வில்லையாலும் காட்ட இயலாது. உண்ணுதல், வளர்தல், இனம் பெருக்கல் ஆகியவற்றைக் கொண்டு அறிவியல் உயிரை அளக்கிறது. தேர்வில் அவ்வளவையால் விடை எழுது, அம்மா சொல்வது வேறு வகையான கேள்விக்கு விடை என்றேன். இரண்டையும் குழப்பி ஒன்றாக்கினால் இரண்டுக்கும் கேடு.

ஆனால் நீருக்குள் வாழும் உயிர்களைக் காட்ட முடியும். வீட்டில் நீர் வடிகட்டும் துணியை வெள்ளைத் தட்டில் அலசி வில்லையால் பார்க்கச் செய்தேன். பார்த்தபின் நம் முறைப்படி எடுத்த இடத்திலேயே நீரைத் திரும்ப விட்டோம். வங்கதேசத்து மத்லப் பகுதியில் 65 சிற்றூர்களில் ரீட்டா கோல்வெல் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வை வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பழஞ்சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டியதால் காலரா ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தது. காலராக் கிருமி ஒட்டி வாழும் நுண்ணிய நீர்வாழ் உயிர்கள் துணியில் தங்கிவிடுகின்றன. தனித்து மிதக்கும் கிருமியோ இழைகளுக்கிடையே புகுந்துவிடும். ஆகவே நீரைக் காய்ச்சவும் வேண்டும். இந்தப் பின்பாதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் நடைபெறும் அறநெறி வகுப்புக்கு நான்கு உருப்பெருக்கிக் கண்ணாடிகள் வாங்கித் தாருங்கள். ஆலயத்துப் பின்புறத்தில் மரநிழல் இருக்கிறது. வெல்லக்கட்டியை நான் கொண்டு வருகிறேன்.