மார்பகப் புற்றுநோய்: அறுவைச் சிகிச்சைக்கு முன்

(டிரஸ்டின் மகளிர் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் இருக்கும் சகோதரர்களே! இது பெண்கள் விஷயம் என்று நீங்கள் எழுந்து போய்விட வேண்டாம். கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் நீங்கள்தான்.

மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் மாதக்கணக்கில் வீட்டில் சொல்லாமல் இருந்துவிட்டு, கடைசியில் நம்மிடம் மனுவோடு வருகிறவர்கள் உண்டு. ஏனம்மா என்று கேட்டால், "மார்பையே எடுத்துவிடுவார்களே" என்கிறார்கள்.

ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும், அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே எடுத்தார்கள். பிறகு இத்தாலியில் வெரோனேசியும், அமெரிக்காவில் ஃபிஷரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கட்டியை மட்டும் சுற்றுச் சதையோடு எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களையும், முழு மார்பகத்தையும் எடுத்தவர்களையும் 20 ஆண்டுகள் கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். உயிர் பிழைத்திருப்பதில் இரு தரப்பாருக்கும் வித்தியாசம் இல்லை. "முழுசா எடுத்தால்தான் பயமில்லை" என்று உறவினர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி பெரிதாக இருந்தாலோ, ஒரே மார்பில் பல இடங்களில் பரவியிருந்தாலோ முழுவதும் எடுக்கச் சொல்லலாம். சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகு, சிறிய அறுவையே போதுமானதாகிவிடும்.

கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வாரம் போய்வர வேண்டும். அந்த மெஷின் எல்லா ஊரிலும் இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியூரில் தங்க முடியாது என்று முழு அறுவையைத் தேர்ந்தெடுக்கும் சகோதரியைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அக்குளுக்கு நோய் பரவியிருந்தால் அதற்குப் பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம். இதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்குளைப் பற்றியும் கேளுங்கள். முன்பு முடிச்சுகளை மொத்தமாக எடுத்ததால் பலருக்குக் கை வீங்கியது. இப்போது ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு, நோய் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை.

ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவும் என்பது வெறும் பேச்சு. அந்தப் பரிசோதனை இல்லாமல் எந்தச் சிகிச்சையையும் தீர்மானிக்க முடியாது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கிடைக்காதபோது நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. இதைக் காரணம் காட்டி யாரும் நாள் கடத்த வேண்டாம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. பரிசோதனை ரிப்போர்ட், ரேஷன் கார்டு, ஆதாரோடு அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கூடப் போக ஆளில்லாதவர்களுக்கு நம் மகளிர் குழுவிலிருந்து ஒருவரை அனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.