காட்டுப்பள்ளித் தீவு கற்பிக்கும் பாடம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

இனிய நீரையும் உவர் நீரையும் அருகருகே ஓடவிட்டு, இடையே தடுப்பை அமைத்திருப்பதைத் தன் வல்லமைக்குச் சான்றாக அல்லாஹ் திருமறையில் எடுத்துரைக்கின்றான். அச்சான்றைக் காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அனுப்பம்பட்டிலிருந்து மீஞ்சூர் சென்று கிழக்கே திரும்பினால் காட்டுப்பள்ளித் தீவு இருக்கிறது.

கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம், தெற்கே எண்ணூர்க் கழிமுகம். இவற்றிடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டே இத்தீவு. அதன் மணல்மேடுகள் அலைகளைத் தடுக்கின்றன; மழைநீரை உள்வாங்கி இனிய ஊற்றாகக் காக்கின்றன. நன்னீர் உவர்நீரைவிட இலேசானது. ஆதலால் பூமிக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு உட்புகும்.

இக்கரையின் வரலாறும் படிப்பினை மிக்கது. தீவின் வடமுனைக்கு எதிரே, பழவேற்காட்டில், டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். இங்கிருந்து துணிகள் கீழை நாடுகளுக்குச் சென்றன; மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஆண்டவர்கள் சென்றுவிட்டார்கள்; கல்லறைகளே எஞ்சியுள்ளன. பின்னர், சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி 1806-ல் வெட்டத் தொடங்கிய கால்வாய் வடக்கே நீண்டு, விறகுப் படகுகளின் வழியாயிற்று. இன்று தீவில் துறைமுகம் இயங்குகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் 2010-ல் அங்கே திறக்கப்பட்டது. இறைவன் மணலில் இலவசமாகச் சேமித்துத் தந்த நன்னீரை, மனிதன் பெரும் பொருட்செலவில் இயந்திரத்தால் பிரித்தெடுக்க வேண்டிய நிலை!

சகோதரர்களே! இது தீவின் கதை மட்டுமன்று. சென்னை நகரின் தேவைக்காகவும் வேளாண்மைக்காகவும் மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால், 1960-களிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்துள்ளது. தடுப்பை அமைத்தவன் அல்லாஹ். அதைக் குலைத்தவர்கள் நாம்.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்கு நீரை விரயம் செய்யலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆகவே, பள்ளிவாசல் கூரையின் மழைநீரைக் கிணற்றில் சேர்க்கவும், ஒளுச் செய்த நீரைத் தென்னைகளுக்குத் திருப்பவும் நிர்வாகத்தினர் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். அவரவர் இல்லங்களிலும் இதனைச் செய்யுங்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் கிணற்று நீர் இனிப்பதும் கரிப்பதும் இதைப் பொறுத்ததே.

நீர் ஓர் அமானிதம். அதைப் பேணும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.