தலைக்கறிக் கதை



யார் நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்த ஆசிரியரைப் போலவே நானும் பள்ளிக்கூடத்துக்காரன். அதனால் பள்ளியில் கண்டதையே பேசுகிறேன்.

மணிக்கட்டில் கட்டுகிற வண்ணக் கயிற்றைப் பார்த்தே ஒரு பிள்ளை என்ன சாதி என்று இன்னொரு பிள்ளை சொல்லிவிடும். நம் மாநிலத்துப் பள்ளிகளில் நடப்பதுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியலினத்து மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, இந்தக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் அறிக்கை தந்தது. தடை வேண்டியதுதான். ஆனால் கயிற்றைக் கழற்றிய கைக்கு நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்? எழுத்தாளர் விஷ்ணுபுரம் சரவணன் ‘கயிறு’ என்றே ஒரு சிறுவர் கதை எழுதிக் கொடுத்தார். அந்தத் துணிச்சலுக்கு நம் பள்ளிகள் கடமைப்பட்டிருக்கின்றன.

பிள்ளைகள் கையில் எந்தக் கதையைக் கொடுப்பது என்ற கேள்வியை அமெரிக்கர்கள் முன்பே எதிர்கொண்டார்கள். கல்வியாளர் நான்சி லாரிக் 1962 முதல் 1964 வரை அங்கே வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்தார். கறுப்பின மனிதர் ஒருவராவது இடம்பெற்றவை 349தான். அதே 1962இல் எஸ்ரா ஜாக் கீட்ஸ் ‘தி ஸ்னோயி டே’ என்ற படக்கதையைக் கொண்டுவந்தார். பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிறான்; பனிப்பந்தைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறான், அது கரைந்துபோகிறது. கதை அவ்வளவுதான். யாரும் அவனை அடிக்கவில்லை, அவனுக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் போல அவன் விளையாடுகிறான். புத்தகம் தன் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும், அடுத்தவர் வீட்டைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று பேராசிரியர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதியதை நான் பீட்டரை வைத்தே புரிந்துகொண்டேன்.

புரிந்துகொள்வதற்கு முன் ஒரு தவறு செய்தேன். தீண்டாமையால் அவமானப்பட்ட ஒரு சிறுவனின் கதையை ஏழாம் வகுப்பில் உருக்கமாக வாசித்தேன். வகுப்பே அமைதியானது. ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்று கேட்டபோது என் கண் என்னை அறியாமல் மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பையன்மேல் போய் நின்றது. என் பார்வையைத் தொடர்ந்து நாற்பது பிள்ளைகளும் திரும்பினார்கள். அவன் தலை குனிந்தான். அதுவரை அவர்களுக்கு அவன் நன்றாகக் கோலி அடிக்கிறவன். அன்று பாவப்பட்டவன் ஆகிவிட்டான். நான்தான் ஆக்கினேன்.

சில ஆண்டுகள் கழித்து, ஐதராபாத் அன்வேஷி அமைப்பு கொண்டுவந்த கதை வரிசை என் கைக்கு வந்தது. அதில் முகமது கதீர் பாபு எழுதிய கதையில் ஒரு முஸ்லிம் வீட்டில் தலைக்கறி சமைக்கிறார்கள். அதை என் வார்த்தையில் வகுப்பில் சொன்னேன். நீதி கேட்கவில்லை. முதலில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து, ‘சார், தலையை முதல்ல நெருப்புல பொசுக்கணும், இல்லேன்னா முடி நாறும்’ என்றான். அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. கத்தியால் சுரண்டுவது, மஞ்சள் தடவுவது, அத்தா எந்தத் துண்டை யாருக்கு எடுத்துவைப்பார் என்பது வரை சொன்னான். முகம் சுளித்தவர்களில் ஒருத்தி, வீட்டில் முட்டைகூட வாங்காதவள், ‘மூளையை எப்படிடா முழுசா எடுப்பீங்க?’ என்று கேட்டாள். அவன் பெஞ்சில் விரலால் படம் போட்டுக் காட்டினான்.

இரக்கத்துக்கும் ஒத்துணர்வுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கேள்வியில்தான் கண்டேன். அவள் அவனுக்காக வருந்தவில்லை. அவனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று கேட்டாள்.

இன்று அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் நடக்கிறது. நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து மெல்லிய புத்தகங்களைத் தந்திருக்கிறார்கள். நல்ல வேலை. அதோடு எனக்கு ஓர் ஆசையும் உண்டு. உப்பளத்துப் பிள்ளை, செங்கல் சூளைப் பிள்ளை, மறுவாழ்வு முகாமில் வளரும் ஈழத்துப் பிள்ளை, சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வரும் பிள்ளை, இவர்கள் அழுகிற கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. இவர்கள் மாங்காய் திருடுகிற கதை, அண்ணனை ஏமாற்றிக் கடைசி முறுக்கைத் தின்கிற கதை, மழையில் நனைந்து அம்மாவிடம் திட்டு வாங்குகிற கதை எழுதியவர்கள் இந்த அவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.