மகளின் மீன்தொட்டி

மீன் பார்வையாலேயே தன் குஞ்சுகளை வளர்க்கும், அதனாற்றான் அன்னைக்கு மீனாட்சி என்று பெயர்: வகுப்பிலே பல வருடங்களாக இப்படித்தான் சொல்லிவந்தேன்.

பலாபத்வலையில் எங்கள் வீட்டுக்கு, மகளின் முதல் வளர்ப்புப் பிராணிகளாக, ஆறு கப்பி மீன்கள் வந்தன. தென்னமெரிக்க மீன். நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று நாடுநாடாகக் கொண்டுபோய் விட்டார்கள். நம்மூர்க் கான்களிலும் குடியேறிவிட்டது. முட்டையிடாது, குஞ்சுகளாகவே ஈனும். ஈன்ற சூட்டோடு அவற்றைத் தின்னவும் செய்யும். "மீனாட்சி அம்மன் இப்படியா, அப்பா?" என்றாள் மகள். நீர்ச்செடி நிறைய இருந்தால் குஞ்சுகள் ஒளிந்து தப்பும் என்றுமட்டும் சொல்லிவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைத் துப்புரவாக்கப் புறப்பட்டேன். நீர் முழுவதையும் ஊற்றிவிட்டு, கற்களைத் தேய்த்துக் கழுவி, குழாய்நீரை நிரப்பினேன். மறுநாள் நான்கு மீன்கள் மிதந்தன. கழிவிலே பிறக்கும் அமோனியா நஞ்சை மாற்றுகிற நுண்ணுயிர்கள் அந்தக் கற்களில்தான் வாழ்ந்தன. குழாய்நீரின் குளோரினும் மீனுக்கு ஆகாது. காற்பங்கு நீரை மட்டுமே மாற்றவேண்டும், அதையும் ஒருநாள் வாளியில் திறந்துவைத்த பிறகே ஊற்றவேண்டும் என்பதெல்லாம் பின்னர் படித்து அறிந்தவை.

மாமரத்தடியில் குழி தோண்டினோம். மகள் அழவில்லை. மிஞ்சிய இரண்டின் முன்னால் பள்ளி விட்டுவந்ததும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தொட்டியைத் தொட எனக்கு அனுமதி இல்லை.