கலியாணப் படம் எடுக்கப் போகும் பிள்ளைகள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பெண்களும் தொழிலும் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். போன வருடம் ஒரு தாய் என்னிடம் வந்தா. வருத்தம் ஒன்றுமில்லை. நிரந்தர நியமனம் கிடைத்த மகள் வேலையை விட்டுவிட்டுக் கமராவோடு திரியப் போகிறாளாம். அதுவும் மண்டபக் கலியாணங்களுக்கு அல்ல. நாலு பேரோடு பதிவு எழுதிவிட்டு இரணைமடுக் குளக்கட்டிலும் நாயாற்றுக் கடற்கரையிலும் வந்து நிற்கிற சோடிகளைப் படம் எடுப்பதற்கு. "ஓடிப்போறவைக்குப் படமெடுக்கப் போறாள் டொக்டர், நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றா. அவளும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்.

தாயின் பயம் எனக்கு விளங்கியது. காணி, மாடு, வீடு எல்லாம் விட்டுவிட்டு ஓடிய சனத்துக்கு அரச சம்பளம் ஒன்றுதான் இடம்பெயர்ந்த இடத்துக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் உத்தியோகம் என்ற சொல்லுக்குள் அந்த நினைவும் இருக்கிறது.

ஆனால் படம் எடுப்பது வீண் ஆடம்பரம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2009இல் எத்தனை வீட்டு அல்பங்கள் பங்கருக்குள்ளும் தெருவிலும் போயின! பிள்ளையைக் காப்பாற்றவென்று அவசரமாகச் செய்துவைத்த கலியாணங்கள் பலவற்றுக்குப் படமே இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் தாய்மாரும் மனைவிமாரும் கையில் ஏந்தியிருந்தது என்ன? ஒரு முகப்படம். அது கிடைக்காமல் உறவினர் வீடுகளில் கேட்டுத் திரிந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஓடிப்போவது என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். இருவருக்கும் 18 வயது நிறைந்திருந்தால், பதிவாளருக்கு அறிவித்தல் கொடுத்து, இரண்டு சாட்சியோடு பொதுச்சட்டத்தின் கீழ் திருமணம் செய்யலாம். விசேட அனுமதிப்பத்திரம் எடுத்தால் அலுவலகத்துக்கு வெளியிலும் செய்யலாம். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. சாதி, சமயம், சீதனம் என்று வீட்டார் மறுத்ததால் உயிரை விடத் துணிந்த பிள்ளைகளின் கட்டிலடியில் இரவிரவாக நின்றவள் நான். குளக்கட்டில் கை கோர்த்துச் சிரிக்கும் சோடியைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை.

தொழிலை விட்டுக் கமரா தூக்கியவர்களில் இவள் முதல் ஆளுமில்லை. கொழும்பில் அரங்குக்குப் பெயராக இருக்கிற லயனல் வென்ட் லண்டனில் சட்டம் படித்தவர். அவரை இன்று உலகம் நினைப்பது படங்களுக்காகத்தான். இந்தியாவில் ஜோசப் ராதிக் பொறியியலும் முகாமைத்துவமும் படித்து, கம்பனி உத்தியோகத்தை விட்டவர். 2017இல் இத்தாலியில் நடந்த விராட் கோலியின் கலியாணத்தைப் படம் எடுத்தவர் அவர். இருவரும் ஆண்கள் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கும் அதுதான் யோசனை.

நான் அவளைக் கூப்பிட்டுக் கணக்குத்தான் கேட்டேன். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, ஐப்பசி தொடங்கினால் மழை. அந்த மாதங்களுக்குக் காசு எங்கே? ஒரேயடியாக வேலையை விடாமல் சம்பளமற்ற விடுமுறை கேட்டாயா? 2022இல் நாடு முறிந்தபோது அரச ஊழியர் 5 வருடம் வரை அப்படி நிற்க அனுமதி வந்தது. உன் திணைக்களத்தில் இப்போது என்ன நிலை என்று விசாரித்தாயா? இருட்டின பிறகு காட்டு வீதியால் தனியே வருவாயா?

அவள் கொப்பி கொண்டுவந்திருந்தாள். ஆறு மாதச் செலவு தனியாக வங்கியில். உதவிக்கு மச்சாள். படங்கள் இரண்டு இடத்தில் சேமிப்பு. வெயில் சாயும் கடைசி ஒரு மணித்தியாலம்தான் அவளுடைய வேலைநேரம். வடிவான பற்றையாக இருந்தாலும், கண்ணிவெடி அகற்றியதென்று தெரியாத நிலத்துக்குள் கால் வைப்பதில்லை. முகமாலைப் பக்கம் எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. சோடியின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் எந்தப் படத்தையும் வெளியில் விடுவதில்லை என்பதையும் அவளே சொன்னாள். வீட்டாருக்குத் தெரியாமல் செய்தவர்களுக்கு அதுதான் பெரிய பாதுகாப்பு.

தாயிடம், "விடுங்கோ அம்மா, போகட்டும்" என்றேன். அவ இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

கனடா, லண்டன், அவுஸ்திரேலியாவில் இருந்து இந்த மலரை வாசிக்கும் அக்காமாருக்கு ஒரு விண்ணப்பம். ஓகஸ்ட் லீவில் பிள்ளைகளோடு வருகிறீர்கள், குளக்கட்டில் படம் எடுக்க ஆசைப்படுகிறீர்கள். இங்குள்ள எங்கள் பிள்ளைகளைப் பிடியுங்கள். முற்பணம் கட்டிப் பதியுங்கள். "எங்கட பிள்ளைதானே" என்று சொல்லிக் காசைக் குறைக்கக் கேட்காதீர்கள்.