மூன்று வினாக்கள்

கி.மு. 551-இல் சீனத்தின் லூ நாட்டில் தோன்றிய பேரறிஞர் கன்பூசியஸ். அவர்தம் மாணாக்கருள் ஒருவர் ஸெங்ஸி. நாள்தோறும் மூன்று வினாக்களால் அவர் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டார். பிறர்பொருட்டு ஏற்ற பணியில் உண்மை, நண்பரிடத்து வாய்மை, கற்றதைப் பயிலுதல் என்பனவே அவை. செல்வமும் புகழும் அவற்றில் இடம்பெறவில்லை என்பதை நோக்குங்கள்.

கல்லூரி நாளில் இதனைத் தேர்வில் எழுதி நான் நல்ல மதிப்பெண் பெற்றேன். அத்தேர்வுக்கு முன்புதான், நண்பனுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த குறிப்பேட்டைத் தராது ஒளித்துவைத்தேன். இரண்டாம் வினாவிலும் மூன்றாம் வினாவிலும் ஒருங்கே தோற்றேன் என்பது பல்லாண்டு கழிந்தே எனக்கு விளங்கிற்று.

இன்றிரவு உறங்குமுன் நீங்களும் உங்களை வினவிப் பாருங்கள். வினவுபவரும் விடையளிப்பவரும் நீங்களே. அங்கே ஒளித்துவைக்க இடமில்லை.