ஒரே சட்டத்துக்குள்



பாம்பனில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. மணக்கோலத்தில் மகள், பக்கத்தில் அம்மா, அம்மாவின் தோளருகே அப்பா. அம்மாவின் தலை நரைத்திருக்கிறது. அப்பாவோ முப்பது வயது இளைஞராக நிற்கிறார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. வீட்டில் மிஞ்சியது ஒரு பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ. கல்யாணம் முடிந்ததும் அதை ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, "இவுகளயும் கூடச் சேத்துக் குடுங்க தம்பி" என்றார் அம்மா.

கணினியில் படத்தை அழகுபடுத்தும் கலை என்றதும் பலருக்கு ஃப்ளெக்ஸில் மின்னும் தங்க எழுத்துகளும் தலைக்குப் பின்னே ஒளிவட்டமும் நினைவுக்கு வரும். எனக்கு இந்தப் படம்தான் வருகிறது. பிரிந்தவர்களை ஒரே சட்டத்துக்குள் கூட்டி வைப்பதே இந்தக் கரையில் அந்தக் கலை செய்கிற பெரிய உபகாரம்.

கணினிக்கு வெகுகாலம் முந்தியது இந்த ஆசை. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்குப் போய்ப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தில் ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதி மன்னருக்குச் செங்கோல் கொடுக்கிறாள். யாரும் கண்ணால் காணாத சந்திப்பை ஓவியர் ஒரே சுவரில் நடத்திக் காட்டினார். ஃபோட்டோ வந்த பிறகும் இல்லாததைச் சேர்க்கும் ஆசை ஓயவில்லை. 1850களில் பர்மாவையும் தென்னிந்தியாவையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், வெறும் வெள்ளையாய் விழுந்த வானத்துக்கு நெகட்டிவிலேயே மேகம் தீட்டினார். 1990இல் தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. 1994இல் அதில் லேயர் வசதி சேர்ந்தது. கண்ணாடித் தாள்களை அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்களை வைத்து, அடியில் இருப்பது கெடாமல் வேலை பார்க்க முடிந்தது.

அந்த ஸ்டூடியோ தம்பியின் வேலையைச் சொல்கிறேன். மூன்றரை சென்டிமீட்டர் அகல ஃபோட்டோவை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக, ஸ்கேன் செய்தால் அகலவாக்கில் சுமார் 413 புள்ளிகளே கிடைக்கும். அவர் 1200இல் வைத்துச் சுமார் 1650 எடுத்தார். பென் டூலால் முகத்தின் ஓரத்தைப் பொறுமையாகச் சுற்றி வந்தார். உடம்புக்கு அம்மாவின் தம்பியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டார். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பழைய ஃபோட்டோவில் ஃப்ளாஷ் நேரே முகத்தில் அடித்திருந்தது. கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் வந்தது. ஜன்னல் பக்கத்துக் கன்னத்தை டாட்ஜ் டூலால் வெளிச்சமாக்கி, மறுபக்கத்தை பர்ன் டூலால் இருட்டாக்கினார். இருட்டறையில் அட்டையை ஆட்டி ஒளியை மறைத்துப் பிரிண்ட் போட்டவர்களின் கைவேலைதான் இந்த இரண்டும்.

ஓரம், நிழல், நிறம். இந்த வேலையை மதிப்பிட நான் பார்ப்பவை இவைதான். நிறத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். உப்புக்காற்றிலும் வெயிலிலும் கறுத்த முகத்தை ரோஜா நிறத்துக்கு வெளுத்துவிடுகிறார்கள். அதோடு அந்த ஆளும் தொலைந்துபோகிறார். இந்தக் கலையைப் படிக்கிற பிள்ளைகளே, அந்தக் கறுப்பைக் காப்பாற்றுங்கள்.

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஃபோட்டோக்களை உப்பு ஈரம் அரிப்பதற்குள் ஸ்கேன் செய்துவையுங்கள். மூலத்தைத் தொடாமல் நகலில் திருத்துங்கள். பழகுவதற்குக் காசில்லாமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருளே போதும்.

2002இல் ஃபோட்டோஷாப்பில் வந்த ஹீலிங் பிரஷ், எந்தத் தழும்பையும் நொடியில் துடைத்துவிடும். அந்த அப்பாவின் புருவத்துக்கு மேலே தூண்டில் முள் கிழித்த தழும்பு ஒன்று உண்டு. ஸ்டூடியோ தம்பி அதை அப்படியே விட்டிருந்தார். படம் கைக்கு வந்ததும் அம்மாவின் விரல் முதலில் போனது அங்கேதான்.

"இவுகதான்" என்றார்.